வீட்டுக் குளிரூட்டி நிறுவல் ஒப்பந்தம்

வீட்டுக் குளிரூட்டி நிறுவல் ஒப்பந்தம் என்பது, ஒரு வீட்டின் அறைகளைக் குளிர்விக்கும் கருவியைப் பொருத்தி, மின் இணைப்புக் கொடுத்து, இயக்கிக் காட்டும் பணியை வீட்டு உரிமையாளர் ஒரு நிறுவனத்திடமோ தனித் தொழிலாளரிடமோ ஒப்படைக்கும் ஏற்பாடு ஆகும். குளிரூட்டி பேச்சு வழக்கில் ஏ.சி. எனப்படுகிறது. கருவி தொழிற்சாலையில் முழுமையாகச் செய்யப்பட்டாலும், இரண்டு பகுதிகளாக வரும் இன்றைய குளிரூட்டி, வீட்டுச் சுவரில் பொருத்தப்பட்டுக் குழாய்கள் இணைக்கப்பட்ட பின்னரே முழுமை பெறுகிறது. ஆகவே அதன் குளிர்ச்சி, மின் செலவு, ஆயுள், வீட்டாரின் பாதுகாப்பு ஆகியவை கருவியின் தரத்தைப் போலவே நிறுவலின் தரத்தையும் சார்ந்துள்ளன. இக்கட்டுரை, தமிழ்நாட்டின் மதுரை மாவட்டத்தில் உள்ள திருமங்கலத்தையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வொப்பந்தத்தின் கூறுகளை விளக்குகிறது.

காலநிலைப் பின்னணி

திருமங்கலம், மதுரை நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், தேசிய நெடுஞ்சாலை 44 இல் அமைந்த நகராட்சி ஆகும். கொல்லம் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 இங்கிருந்து பிரிகிறது. குண்டாறு ஊரை ஒட்டி ஓடுகிறது. ஆண்டின் பெரும் பகுதியில் அதில் நீர் இருப்பதில்லை. சுற்றுப்புறங்களில் கரிசல் மண் பரவலாகக் காணப்படுகிறது.

இப்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்துள்ளதால், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் வெப்பம் பெரிதாகத் தணிவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பநிலை பல நாட்களில் 38 பாகை செல்சியசைக் கடக்கிறது. 40 பாகையைத் தாண்டும் நாட்களும் உண்டு. மே மாதத் தொடக்கம் முதல் அம்மாத இறுதி வரை நீளும் கத்திரி வெயில் காலத்தில் இரவிலும் வெக்கை நீடிக்கிறது. ஆடி மாதத்தில் புழுதியுடன் கூடிய பலத்த காற்று வீசுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது வெப்பம் குறைந்து ஈரப்பதம் உயர்கிறது.

குளிர்காலம் மிதமானது என்பதால் அறையைச் சூடாக்கும் கருவிகள் இங்கு தேவைப்படுவதில்லை. வெந்நீர்க் கொதிகலன் மட்டுமே வெப்பம் சார்ந்த வீட்டுக் கருவியாகப் பரவலாக உள்ளது. அறை வெப்பமூட்டிகளின் தேவை கொடைக்கானல், உதகமண்டலம் போன்ற மலை ஊர்களோடு நின்றுவிடுகிறது. வட இந்தியாவில் விற்கப்படும், குளிரும் வெப்பமும் தரும் இருவகைக் கருவிக்குக் கூடுதல் விலை கொடுப்பதால் சமவெளி வீட்டாருக்குப் பயன் இல்லை.

மரபுவழிக் குளிர்ச்சியும் கட்டட மாற்றமும்

மின் கருவிகளுக்கு முற்பட்ட காலத்தில் வெப்பத்தைத் தடுக்கும் பொறுப்பு கட்டடத்திடமே இருந்தது. 1636 இல் கட்டப்பட்ட மதுரை திருமலை நாயக்கர் மகாலின் தடித்த சுவர்கள், உயர்ந்த கூரை, திறந்த முற்றம் ஆகியன அரண்மனை அளவில் இதற்குச் சான்றாகும். எளிய வீடுகளில் திண்ணை, நடுமுற்றம், நாட்டு ஓடு, பனையோலைக் கூரை, நனைத்துத் தொங்கவிடும் வெட்டிவேர்த் தட்டி ஆகியவை இதே பணியைச் செய்தன. தேக்கு விட்டங்களின் மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து இட்டுக் கட்டப்பட்ட மெட்ராசு தார்சுக் கூரையும் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விட்டது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பி கட்டிய காங்கிரீட்டுத் தளம் பொதுவழக்கானது. தளத்தின் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கியும் அதன் மீது தட்டோடும் பதிக்கும் வழக்கம் செலவு கருதிப் பல வீடுகளில் கைவிடப்பட்டது. மூடப்படாத மொட்டைமாடி பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சி, இரவில் கீழுள்ள அறைக்குள் வெப்பத்தை விடுகிறது. மேல்தளத்தில் வசிப்போர் முதலில் குளிரூட்டி வாங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம். மாடிக்கு வெள்ளை எதிரொளிப்புப் பூச்சு அடித்தோ தட்டோடு பதித்தோ கூரையைச் சீர்செய்தால் சிறிய கொள்ளளவுக் கருவியே போதுமானதாகலாம். எனவே கூரையைப் பற்றிக் கேட்காமல் கருவியின் அளவை மட்டும் பரிந்துரைக்கும் ஒப்பந்ததாரரின் மதிப்பீடு முழுமையானது அன்று.

நீர் ஆவியாதலால் குளிர்விக்கும் ஏர்கூலர், காற்று உலர்ந்திருக்கும் சித்திரை முதல் ஆடி வரை இச்சமவெளியில் ஓரளவு பயன் தருகிறது. ஈரப்பதம் மிகுந்த மழைக்காலத்தில் அது புழுக்கத்தையே கூட்டும். நிலத்தடி நீர் உப்புத்தன்மை கொண்ட இடங்களில் அதன் பாய்களில் உப்புப் படிந்து விரைவில் அடைத்துக்கொள்கிறது.

தொழிலின் வளர்ச்சி

நவீன வளிப்பதனக் கருவியை அமெரிக்கப் பொறியாளர் வில்லிசு கேரியர் 1902 இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்துக்காக வடிவமைத்தார். காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்குவதைத் தடுப்பதே அதன் நோக்கமாக இருந்தது. இந்தியாவில் இக்கருவி முதலில் திரையரங்குகள், விடுதிகள், அலுவலகங்கள் ஆகியவற்றிலும் பின்னர் வீடுகளிலும் நுழைந்தது. தொடக்கத்தில் பரவலாக இருந்த சன்னல் வகைக் கருவி ஒரே பெட்டியாக வந்தது. அதற்குச் சுவரில் சட்டம் அமைக்கும் தச்சரும் மின் பணியாளரும் போதுமானவர்களாக இருந்தனர். உள்ளலகு, வெளியலகு எனப் பிரிந்த இசுபிளிட் வகை பரவியபின் செப்புக் குழாய் இணைத்தல், வெற்றிடமாக்குதல், வளிமம் நிரப்புதல் ஆகிய நுட்பப் பணிகள் வீட்டுக்கே வந்து செய்ய வேண்டியவையாயின. குளிரூட்டி நிறுவல் ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது இதன் விளைவே.

நிறுவுநர் வகைகள்

இப்பகுதியில் நிறுவல் பணியைப் பொதுவாக மூவகையினர் செய்கின்றனர்.

கருவி உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தினர். கருவியின் உத்தரவாதம் முழுமையாகச் செல்லுபடியாக இவர்களே நிறுவ வேண்டும் எனச் சில உற்பத்தியாளர்கள் நிபந்தனை விதிக்கின்றனர்.

விற்பனைக் கடையினர் அனுப்பும் பணியாளர்கள். இவர்களிற் பலர் கடையின் ஊழியர் அல்லர். பொருத்தும் கருவியின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுபவர்கள். ஒரே நாளில் பல வீடுகளை முடிக்க முயல்வதால் அவசரம் இவர்களுடைய பணியின் இயல்பான ஆபத்தாக உள்ளது.

தனித்து இயங்கும் ஏ.சி. மெக்கானிக்குகள். மதுரையில் ஒரு பட்டறையில் பழகிப் பின்னர் திருமங்கலம், கள்ளிக்குடி, உசிலம்பட்டி போன்ற ஊர்களில் தொழில் தொடங்கியவர்கள் இவ்வகையினர். பழுது நேர்ந்தால் விரைவில் வருவர் என்பது இவர்களுடைய வலிமை; எழுத்துவழி உறுதி அரிதாகவே கிடைக்கும் என்பது குறை.

தொழிற்பயிற்சி நிலையங்களில் குளிர்பதனம் மற்றும் வளிப்பதனத் தொழில்நுட்பவியலாளர் என்னும் ஈராண்டுப் பாடப்பிரிவு உள்ளது. எனினும், குளிரூட்டி பொருத்துவதற்கெனத் தனியான கட்டாய உரிமம் இந்தியாவில் இல்லை. மின் பணியின் நிலை வேறு. புதிய மின்சுற்று அமைத்தல் போன்ற பணிகளை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரே செய்விக்க வேண்டும். இவ்வுரிமங்களையும் மின் கம்பியாளருக்கான தகுதிச் சான்றுகளையும் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் வழங்குகிறது. ஆகையால் ஒப்பந்ததாரரிடம் கேட்கவேண்டிய முதல் வினா, மின்சுற்றை அமைப்பவர் யார் என்பதாகும்.

கொள்ளளவைக் கணித்தல்

குளிரூட்டியின் கொள்ளளவு டன் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. இது கருவியின் எடை அன்று. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தின் வீதம் ஆகும். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிரித்தானிய வெப்ப அலகு, அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட்டுக்குச் சமம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஒரு டன் போதும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அதே அறை மேல்தளத்தில், மேற்குச் சுவருடன், தட்டோடு இல்லாத கூரையின் கீழ் இருந்தால் ஒன்றரை டன் தேவைப்படலாம். சன்னல்களின் திசையும் பரப்பும், அறையில் உறங்குவோரின் எண்ணிக்கை, கதவுகளின் இடைவெளி ஆகியனவும் கணக்கில் சேரும். கொள்ளளவு குறைந்தால் கருவி ஓயாமல் ஓடும். மிகுந்தால் அறை விரைவில் குளிர்ந்து கருவி அடிக்கடி நின்று இயங்கும். ஈரம் சரியாக நீங்காமல் உடல் பிசுபிசுக்கும். நேரில் வந்து அளக்காமல் தொலைபேசியிலேயே கொள்ளளவைச் சொல்லும் ஒப்பந்ததாரரைத் தவிர்ப்பது நலம்.

ஆற்றல் தரச்சின்னம்

எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம், 2001 இன் கீழ் 2002 இல் அமைக்கப்பட்ட ஆற்றல் திறன் செயலகம், 2006 இல் நட்சத்திரச் சின்னத் திட்டத்தைத் தொடங்கியது. அறைக் குளிரூட்டிகளுக்கு இச்சின்னம் 2010 முதல் கட்டாயமானது. தர வரம்புகள் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய ஆண்டின் ஐந்து நட்சத்திரம் புதிய ஆண்டின் ஐந்து நட்சத்திரத்துக்கு நிகரானது அன்று. சின்னத்தில் அச்சிடப்பட்டுள்ள ஆண்டையும் பருவகால ஆற்றல் திறன் எண்ணையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். 2020 சனவரி முதல் நட்சத்திரச் சின்னம் பெறும் அறைக் குளிரூட்டிகள் இயல்புநிலையில் 24 பாகையில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் வீட்டு மின் பயன்பாடு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. முதல் 100 அலகுகள் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டுமன்றி இடைப்பட்ட அலகுகள் சிலவற்றுக்கும் கூடுதல் விகிதம் விதிக்கப்படுகிறது. ஒன்றரை டன் கருவி சராசரியாக மணிக்கு 0.8 அலகு எடுப்பதாகக் கொண்டால், நாளுக்கு 8 மணி நேரம் வீதம் 60 நாட்களில் 384 அலகுகள் செலவாகும். முன்பு 200 அலகு பயன்படுத்திய வீடு, இக்கருவி ஒன்றினாலேயே 500 என்னும் எல்லையைக் கடந்துவிடுகிறது. திறன் மிகுந்த கருவிக்கும் பிழையற்ற நிறுவலுக்கும் உள்ள பணமதிப்பு இக்கணக்கில் தெளிவாகிறது.

ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியவை

இவ்வூர்ப் பகுதியில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் வாய்மொழியாகவே நிகழ்கின்றன. பூசல்கள் எழுவது பெரும்பாலும் கருவியின் விலையில் அன்று. அதன்மேல் சேரும் சில்லறைச் செலவுகளிலேயே. "பொருத்துவது இலவசம்" என்னும் விளம்பரம், பொதுவாக அடிப்படைக் கூலியை மட்டும் குறிக்கும். எனவே பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது பயன் தரும்.

* கருவியுடன் வரும் செப்புக் குழாயின் நீளம், கூடுதல் குழாய்க்கு அடி ஒன்றுக்கு விலை, குழாயின் சுவர்த்தடிப்பு.
* வெளியலகைத் தாங்கும் இரும்புச் சட்டம், நீர் வடிகுழாய், மின்கம்பி, நிலைப்படுத்தி ஆகியவற்றின் விலை.
* சுவரில் துளையிடும் கூலியும், துளையைப் பூசி மூடும் பொறுப்பும்.
* தனி மின்சுற்று அமைப்பவரின் பெயரும் உரிம எண்ணும்.
* வெற்றிடமாக்கும் பணி கூலியில் அடங்குமா என்பது.
* வளிமக் கசிவு, நீர் ஒழுகல் ஆகியவற்றை எத்தனை மாதங்கள் வரை இலவசமாகச் சரிசெய்வர் என்பது.
* முன்பணமும், கருவி இயங்கிய பின் தரவேண்டிய மீதியும்.

சரக்கு மற்றும் சேவை வரி, குளிரூட்டிகளுக்கு 28 விழுக்காடாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரியைத் தவிர்க்கப் பட்டியல் இல்லாமல் வாங்குவோர், பின்னர் உத்தரவாதம் கோரவும் வழக்குத் தொடுக்கவும் தேவையான முதன்மைச் சான்றை இழக்கின்றனர்.

நிறுவும் முறை

உள்ளலகு பொதுவாகத் தரையிலிருந்து ஏழு அல்லது எட்டு அடி உயரத்தில், கூரையிலிருந்து சற்று இடைவெளி விட்டுப் பொருத்தப்படுகிறது. அதன் பின்தகடு இரசமட்டம் வைத்துச் சரிபார்க்கப்பட வேண்டும். சுவர்த்துளை வெளிப்புறம் நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். இல்லையெனில் வடிநீர் உள்ளே ஒழுகிச் சுவரைக் கெடுக்கும்.

வெளியலகு, அறையின் வெப்பத்தை வெளியே விடும் பகுதி ஆகும். அதைச் சுற்றிக் காற்றோட்டம் தேவை. குறுகிய சந்திலோ, மேற்கு வெயில் நேரடியாகப் படும் இடத்திலோ, வெளிவிட்ட சூடான காற்றையே திரும்ப இழுக்கும் மூலையிலோ வைத்தால் மின் செலவு கூடும். மேலே சிறு நிழற்கூரை அமைப்பது நல்லது. ஆனால் அது முன்புறக் காற்றை மறைக்கக் கூடாது. ஆடிக் காற்றின் புழுதி தகடுகளில் படிவதால், துப்புரவுக்குக் கை எட்டும் இடமாகவும் அது இருக்க வேண்டும்.

இரண்டு அலகுகளையும் இணைக்கும் செப்புக் குழாய்களின் முனைகள் விரித்து, மறையிட்டு முடுக்கப்படுகின்றன. பின்னர் உலர் நைட்ரசன் வளிமத்தை அழுத்தத்துடன் செலுத்திக் கசிவு உள்ளதா எனச் சோதிக்க வேண்டும். அதன்பின் வெற்றிட எக்கியை இணைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் நீக்க வேண்டும். வெற்றிடம் 500 மைக்ரான் அளவுக்குக் கீழ் இறங்கி, எக்கியை நிறுத்திய பின்னும் உயராமல் நிற்பது நல்ல நிறுவலின் அடையாளம்.

மிக அதிகமாகக் கைவிடப்படும் படியும் இதுவே. வெற்றிட எக்கி கொண்டு வராத பணியாளர், வெளியலகில் உள்ள வளிமத்தைச் சிறிது திறந்துவிட்டுக் காற்றை வெளித்தள்ளி, வேலை முடிந்தது என்பார். கருவி அன்று நன்றாகவே குளிரும். ஆனால் குழாயில் தங்கிய ஈரம் அமுக்கியின் எண்ணெயுடன் வினைபுரிந்து அமிலமாகிறது. எஞ்சிய காற்று அழுத்தத்தைக் கூட்டுகிறது. சில ஆண்டுகளில் அமுக்கி பழுதாகும்போது, அதன் காரணம் நிறுவிய நாளில் இருந்தது என்பதை மெய்ப்பிப்பது கடினம். எனவே இப்பணி நடக்கும்போதே வீட்டார் அளவுமானியைப் பார்த்துக்கொள்வது ஒன்றே நடைமுறைக்குரிய காப்பு.

மின் இணைப்பு

ஒன்றரை டன் கருவிக்குப் பிற கருவிகளோடு சேராத தனி மின்சுற்று தேவை. 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும், 20 ஆம்பியர் அளவிலான தனி மின்சுற்று முறிப்பானும் இதற்கு வழக்கமாகப் பயன்படுத்தப்படுகின்றன. மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி உயிர் காப்பதாகும். ஏற்கெனவே உள்ள விளக்குச் சுற்றில் குளிரூட்டியை இணைத்தால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கும் வாய்ப்புண்டு.

கரிசல் மண் கோடையில் வெடித்து உலர்வதால், நிலத்தொடர்புக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே தொடர்பு குறையக்கூடும். நிலத்தொடர்புக் குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் அவ்வப்போது நீர் ஊற்றும் பழைய வழக்கத்துக்கு இதுவே காரணம். புதிய கருவி பொருத்தும் முன் நிலத்தொடர்பைச் சோதிப்பது இப்பகுதியில் தவிர்க்கக் கூடாத படியாகும்.

வீட்டின் மின்பளு அனுமதிக்கப்பட்ட அளவைக் கடந்தால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 1957 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மின்சார வாரியத்தின் பகிர்மானப் பணி, 2010 இல் தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்துக்கும், 2024 இல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துக்கும் மாறியது. மக்கள் வழக்கில் அது இன்றும் மின்வாரியமே.

குளிர்பதன வளிமங்கள்

பழைய கருவிகளில் பயன்பட்ட ஆர்-22 வளிமம் ஓசோன் படலத்தைச் சிதைப்பதாகும். மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியா போன்ற நாடுகள் 2030க்குள் இவ்வகை வளிமங்களைக் கைவிட வேண்டும். பழுதுபார்ப்புக்கு மட்டும் சிறிதளவு 2040 வரை அனுமதிக்கப்படுகிறது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. எனினும் அதன் புவி வெப்பமாக்கும் ஆற்றல் கரியமில வளிமத்தைப் போல் ஏறத்தாழ 2,000 மடங்கு. இன்று பரவலாக உள்ள ஆர்-32க்கு இது ஏறத்தாழ 675 மடங்கு. புரொப்பேன் எனப்படும் ஆர்-290இன் பாதிப்பு மிகக் குறைவு. ஐதரோபுளோரோகார்பன் வகை வளிமங்களைக் குறைப்பதற்கான கிகாலி திருத்தத்தை இந்தியா 2021 இல் ஏற்றது.

ஆர்-32 சிறிதளவும், ஆர்-290 எளிதிலும் தீப்பற்றக்கூடியவை. ஒரு வளிமத்துக்கென வடிவமைத்த கருவியில் வேறொன்றை நிரப்புவது ஆபத்தானது. குளிரூட்டியின் குழாய்த்தொகுதி மூடப்பட்ட ஒன்று. கசிவு இல்லாமல் வளிமம் குறைவதில்லை. ஆண்டுதோறும் வளிமம் நிரப்ப வேண்டும் என்று கூறுவோர், கசிவைக் கண்டறியாமல் விடுகின்றனர் அல்லது தேவையற்ற பணிக்குக் காசு கேட்கின்றனர்.

பணியாளர் பாதுகாப்பு

மாடி வீடுகளின் வெளிச்சுவரில் தொங்கியபடி வெளியலகைப் பொருத்துவது இத்தொழிலின் கொடிய கட்டம் ஆகும். பாதுகாப்புப் பட்டையும் கயிறும் இன்றிச் சன்னல் மேற்கூரையில் நின்று வேலை செய்வது பரவலாகக் காணப்படுகிறது. தவறி விழுதல், மின்தாக்கு ஆகிய இரண்டும் உயிரிழப்புக்குக் காரணமாகின்றன. கசிவைச் சோதிக்க நைட்ரசனுக்குப் பதிலாக ஆக்சிசனைச் செலுத்தினால், அமுக்கியின் எண்ணெயுடன் சேர்ந்து அது வெடிக்கும். வீடு மாறும்போது வளிமத்தை வெளியலகில் தேக்கும் பணியில், குழாய் வழியே காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் அமுக்கி வெடிக்கக்கூடும். மொட்டைமாடியிலோ, கைக்கு எட்டும் உப்பரிகையிலோ வெளியலகுக்கு இடம் ஒதுக்குவது, நிறுவுபவருக்கும் பின்னாளில் பழுது பார்ப்பவருக்கும் இவ்விடரைக் குறைக்கிறது.

பருவமும் கூலியும்

சித்திரைத் திருவிழாக் காலத்தையொட்டி வெப்பம் உச்சமடையும்போது ஏ.சி. மெக்கானிக்குகளுக்குத் தேவை மிகும். காத்திருக்கும் நாட்களும் கூலியும் கூடும். தை, மாசி மாதங்களில் நிறுவுவோருக்கு நிதானமான வேலை கிடைக்கிறது. ஆடித் தள்ளுபடியில் வாங்கி அப்போதே பொருத்திக்கொள்வோரும் உள்ளனர். கருவியின் குறையை உத்தரவாதக் காலத்துக்குள் வரும் அடுத்த கோடையில் அறிந்துகொள்ள இயல்வது இதன் நன்மை.

குறைதீர்ப்பு

நிறுவலில் நேரும் குறை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்படி சேவைக் குறைபாடாகக் கருதப்படும். 2020 சூலையில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே முறையிட வழிசெய்தது. எனவே திருமங்கலத்தில் வசிப்பவர், விற்பனையாளர் வேறு மாநிலத்தவராயினும், மதுரையிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய் வரை இருப்பின் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயம் அன்று. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். அதற்கு முன்னர் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துத் தீர்வு காண முயலலாம். பட்டியல், உத்தரவாத அட்டை, எழுத்துவழி ஒப்பந்தம், நிறுவிய நாளில் எடுத்த ஒளிப்படங்கள் ஆகியன சான்றுகளாகப் பயன்படும்.

இவற்றையும் பார்க்கவும்

* வளிப்பதனம்
* குளிர்பதனம்
* திருமங்கலம்
* திருமலை நாயக்கர் அரண்மனை
* மாண்ட்ரியல் உடன்படிக்கை
* நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்